வலி இல்லையே என்று படுத்துவிடாதீர்கள்

எங்கள் நாமக்கல் புதுச்சத்திரம் பக்கம் கால் பிசகினால் உடனே வண்டி பிடிப்பார்கள். ஒரு கண் திடீரென்று மசமசவென்று தெரிந்தால் மட்டும், "சூடுதான், விளக்கெண்ணெய் வெச்சாச் செரியாப் போயிரும்" என்று படுத்துவிடுவார்கள். வலி இல்லாததுதான் நம்மை ஏமாற்றுகிறது. இந்த வயதில் இதைவிட அவசரமாகச் சொல்ல எனக்கு வேறொன்றும் இல்லை.

விழித்திரைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்தால் துளியும் வலிக்காது; பார்வை மட்டும் அணையும். சில மணி நேரத்தில் அந்தத் திரை செத்துப்போகும். திரை கழன்றாலும் வலி கிடையாது. மின்னல் வெட்டும், கூட்டமாகப் பூச்சி பறக்கும், பிறகு ஓரத்திலிருந்து இருட்டு இறங்கும். நடுப்பார்வை போவதற்குள் அறுவை சிகிச்சை செய்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். இன்னொன்று, சில நிமிடம் மறைந்து தானே திரும்பும் பார்வை. திரும்பிவிட்டதே என்று அதை யாரும் மருத்துவரிடம் சொல்வதில்லை. அது பக்கவாதத்தின் முன்னறிவிப்பாக இருக்கலாம்.

இரவெல்லாம் லாரி ஓட்டுபவர்களுக்குச் சர்க்கரை ஏறினால் கண்ணின் லென்ஸ் உப்பி எழுத்து கலங்கும். சர்க்கரை அடங்குமுன் கண்ணாடி மாற்றுவது வீண் செலவு. பல வருடச் சர்க்கரையில் கண்ணுக்குள்ளேயே ரத்தம் கசிவதும் உண்டு. அப்போது லாரியை ஓரங்கட்டியே ஆகவேண்டும்.

வலியோடு வருவதும் இருக்கிறது. கண் சிவந்து, தலை பிளந்து, வாந்தி வந்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தால் அது பித்தமல்ல, கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது. அன்றைக்கே இறக்கியாக வேண்டும். கதிர் அறுக்கையில் உமி பட்ட கண்ணில் தாய்ப்பாலும் தழைச்சாறும் விடுகிற வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கருவிழியில் புண் வைக்கும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயத்துக்கு 60க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அதில் கலந்திருந்த மெத்தனால் உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தின்னும். குடித்து அரை நாள் கழித்துக்கூடக் கண் மங்கத் தொடங்கும். போதை தெளியட்டும் என்று காத்திருப்பது உயிரையே வாங்கிவிடும்.

கண் மங்கினால் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். ஒரு கண்ணா இரண்டுமா, எத்தனை மணிக்குத் தொடங்கியது, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதைத்தான் மருத்துவர் முதலில் கேட்பார். வாய் கோணி, கை மரத்து, பேச்சுக் குழறினால் 108ஐக் கூப்பிடுங்கள்; அது பக்கவாதம், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. கண் மட்டும் என்றால் சேலம் அரவிந்த் இருக்கிறது, நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. விடியட்டும் என்று பார்க்காமல் இரவே கிளம்புங்கள். வண்டியை வேறொருவர் ஓட்டட்டும்.