விருந்தும் வாடிக்கையும்

'விருந்து' என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் 'புதுமை' என்பதே பொருள். புதிதாக வந்தவரே விருந்தினர். அவருக்குப் படைக்கும் உணவுக்கு அப்பெயர் பின்னரே வந்தமைந்தது. 'வாடிக்கை' என்பதோ வழக்கமாக நிகழ்வதைக் குறிக்கும். நாள்தோறும் ஒரே கடையில் காப்பி அருந்துபவர் அக்கடையின் வாடிக்கையாளர். அவரை மதித்து நடத்துவதில் கடைக்காரருக்கு ஆதாயம் உண்டு. அவர் நாளையும் வருவார். ஒருமுறை வந்து, மறுமுறை வரவே போகாத ஒருவரை மதித்து நடத்துவதில் என்ன ஆதாயம்? இக்கேள்விக்குரிய விடையை நாங்கள் எந்த நூலிலும் படித்தறியவில்லை. பெத்லகேமில், ஓர் உணவகத்தின் மேசையில் கண்டறிந்தோம்.

2019 நவம்பரில் புனித நாட்டுக்குத் திருப்பயணம் சென்ற எங்கள் குழுவில் 42 பேர் இருந்தோம். எருசலேமிலிருந்து பெத்லகேம் 10 கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவுதான். ஆனால் 2002 முதல் எழுப்பப்பட்ட பிரிவினைச் சுவர் இடையே நிற்கிறது. ஏறத்தாழ 8 மீட்டர் உயரமுள்ள அக்கற்காரைச் சுவரைக் கடந்தே இயேசு பிறந்த ஊருக்குள் நுழைய வேண்டும். தலை குனிந்தால்தான் நுழைய முடியும் என்னும் அளவுக்குத் தாழ்ந்த வாயிலின் வழியே பிறப்புப் பேராலயத்துக்குள் சென்று, குகையில் வெள்ளி விண்மீன் பதிக்கப்பட்ட இடத்தை முத்தி செய்து வெளியே வந்தபோது நண்பகல் கடந்துவிட்டது. "உணவுக்கு ஐம்பது நிமிடம்தான்" என்று வழிகாட்டி அறிவித்தார்.

மத்தியதரைக் கடல் நாடுகளின் உணவுமுறையை இன்று மருத்துவர்கள் பெரிதும் போற்றுகின்றனர். அமெரிக்க உடலியல் அறிஞர் ஆன்செல் கீஸ் 1958இல் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வு அதற்கு அடித்தளமிட்டது. யுனெஸ்கோ நிறுவனம் 2010இல் அவ்வுணவுமுறையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக ஏற்றபோது, எண்ணெயையும் தானியத்தையும் மட்டும் கருதி ஏற்கவில்லை. கூடி அமர்ந்து உண்ணும் வழக்கத்தையும் அதன் இன்றியமையாத கூறாகக் குறித்தது. யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்றவை அக்கடலைச் சூழ்ந்த வேறு சில நாடுகளே. எனினும் அதே கடலின் கிழக்குக் கரைப் பகுதியைச் சேர்ந்த இம்மக்களிடமும் அவ்வழக்கம் வேரூன்றியிருப்பதை, அமர்ந்த சில நொடிகளிலேயே உணர்ந்தோம்.

ஆளுக்கொரு தட்டு நிரம்பி வரும் என்று எதிர்பார்த்திருந்த எங்கள்முன், நீண்ட மேசை முழுவதும் சிறு சிறு கிண்ணங்கள் பரப்பப்பட்டன. கொண்டைக்கடலையை வேகவைத்து, எள் விழுதும் எலுமிச்சைச் சாறும் பூண்டும் சேர்த்து மசித்த 'ஹம்மூஸ்'. நெருப்பில் சுட்டுத் தோலுரித்து மசித்த கத்தரிக்காய். நீர் வடித்து இறுகிய தயிர். பொடியாக அரிந்த கீரையும் தக்காளியும் கலந்த பச்சடி. பீட்ரூட் சேர்த்ததால் இளஞ்சிவப்பாகிய ஊறுகாய். எல்லாவற்றின் மேலும் ஒலிவ எண்ணெய் பசும்பொன் நிறத்தில் மிதந்தது. நடுவே, அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த அப்பங்கள்.

ஒலிவ எண்ணெயை எங்களுள் பலர் அதற்குமுன் உணவாக அறிந்ததில்லை. திருமுழுக்கில் உச்சந்தலையிலும் உறுதிபூசுதலில் நெற்றியிலும் அறிந்திருந்தோம். பெற்றோரின் இறுதி நாள்களில் நோயிற்பூசுதலின்போது அவர்களது உள்ளங்கைகளில் கண்டிருந்தோம். அந்த எண்ணெயை அப்பத்தில் தோய்த்து நாவில் இட்டபோது, திருச்சபையின் அருளடையாளங்கள் எல்லாம் ஏதோ ஓர் எளிய வீட்டின் அடுக்களையிலிருந்து புறப்பட்டவையே என்பது புரிந்தது. அப்பமும் எண்ணெயும் திராட்சை இரசமும் அம்மக்களுக்குச் சோறும் நல்லெண்ணெயும் மோரும் போன்றவை. அன்றாட உணவையே ஆண்டவர் தம் கையில் எடுத்தார்.

ஊரின் பெயரும் இதையே சொல்கிறது. எபிரேய மொழியில் பெத்லகேம் என்றால் 'அப்பத்தின் வீடு'. அதே பெயரை அரபியர் 'பைத் லஹம்' என்று ஒலிக்கின்றனர். அம்மொழியில் அது 'இறைச்சியின் வீடு' ஆகிறது. ஓரூரின் பெயர் ஒரு மொழியில் அப்பத்தையும் மறுமொழியில் தசையையும் சுட்டுகிறது. யோவான் நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தை அறிந்த நமக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

எங்கள் மேசையில் மனநிறைவு மட்டுமே இருந்தது என்று சொல்வதற்கில்லை. "இவ்வளவுதானா? சோறு இல்லையா?" என்னும் முணுமுணுப்பு எழுந்தது. குழுவில் மூத்தவரான, நாங்கள் எல்லாரும் டீச்சரம்மா என்றழைக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை, கைப்பையிலிருந்து எலுமிச்சை ஊறுகாய்ப் புட்டியை வெளியே எடுத்தார். அதனைக் கண்ட உணவகத்து மூதாட்டி எங்கள் மேசையை நோக்கி வந்தார். வெளியுணவை இங்கே உண்ணலாகாது என்று சொல்லத்தான் வருகிறார் என அஞ்சினோம். அவரோ அருகில் அமர்ந்து, தமக்கும் சிறிது தரும்படி கை நீட்டினார். ஒரு துண்டு அப்பத்தில் ஊறுகாயைத் தொட்டுச் சுவைத்தார். காரத்தில் கண் கலங்க, வாய்விட்டுச் சிரித்தார். பின்னர் எழுந்து சென்று, தம் வீட்டில் போட்ட ஊறுகாயைத் தனிக் கிண்ணத்தில் கொண்டுவந்து டீச்சரம்மாவின்முன் வைத்தார். இருவருக்கும் பொதுமொழி இல்லை, தேவைப்படவும் இல்லை.

சற்று நேரத்தில் சோறும் வந்தது. பெரிய பாத்திரம் ஒன்றை இருவர் தூக்கிவந்து, அகன்ற தட்டின்மேல் கவிழ்த்தனர். பாத்திரத்தை மெல்ல எடுத்தபோது அடியிலிருந்த கத்தரிக்காயும் காலிபிளவரும் மேலே வர, கோழியும் சோறும் கோபுரமாக நின்றன. அவ்வுணவின் பெயர் 'மக்லூபா'. 'தலைகீழாகக் கவிழ்க்கப்பட்டது' என்று பொருள். அடியில் இருந்தவை மேலே வருவதும், பசித்தோர் நிறைவு பெறுவதும் அன்னை மரியா தம் பாடலில் போற்றிய இறைச்செயல்கள் அல்லவா? அவர் தம் மகனை ஈன்ற ஊரில் இத்தகைய உணவை உண்டது எங்களுக்கு மகிழ்ச்சி தந்தது.

சிக்கல் குடிநீரில் எழுந்தது. உணவுக்கான கட்டணத்தைப் பயண நிறுவனம் முன்னரே செலுத்தியிருந்தது. குடிநீர்ப் புட்டிகளுக்கு மட்டும் ஆளுக்கு ஒரு டாலர் தனியே கேட்டார்கள். இதனை எங்களிடம் எவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சென்னையிலிருந்து வந்திருந்த அன்பர் ஒருவர் சினந்தார். "தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பதற்கா காசு? எங்கள் ஊரில் கேட்காமலே குவளையில் ஊற்றி வைப்பார்கள்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மூதாட்டி மறுமொழி கூறாமல் அவரைச் சாளரத்தின் அருகே அழைத்துச்சென்று, வெளியே கை காட்டினார். எதிரே இருந்த வீடுகளின் கூரைதோறும் கறுப்பு நிறத் தண்ணீர்த் தொட்டிகள் தெரிந்தன. குழாயில் நாள்தோறும் நீர் வருவதில்லை என்றும், வரும் நாளில் நிரப்பி வைத்து வாரக்கணக்கில் காக்க வேண்டும் என்றும், கோடையில் லாரி நீரை விலைக்கு வாங்குகிறோம் என்றும் வழிகாட்டியின் வாயிலாகச் சொன்னார்.

அன்பர் நெடுநேரம் அத்தொட்டிகளையே நோக்கி நின்றார். அதே ஆண்டு ஜூலையில்தான் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு இரயிலில் குடிநீர் கொண்டுவரப்பட்டது. நள்ளிரவில் குடங்களோடு லாரிக்குக் காத்திருந்தவர்களுள் அவரும் ஒருவர். "அம்மா, எனக்கும் தெரியும்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பணத்தை மேசைமீது வைத்தார். பேரம் முடிந்ததால் அமைதி வந்தது என்பதைவிட, ஒரே தாகத்தை அறிந்த இருவர் ஒருவரையொருவர் கண்டுகொண்டதால் வந்தது என்பதே பொருந்தும்.

புறப்படும் வேளையில் எங்களுள் ஒருவர் அம்மூதாட்டியிடம் கேட்டார்: "இவ்வளவு வகைகள் எதற்கு? இதில் பாதியே போதுமே." அவர் சொன்ன மறுமொழி இது: "நீங்கள் திரும்பி வரமாட்டீர்கள். எனக்கு அது தெரியும். ஆகவே வைக்க வேண்டியதை எல்லாம் இன்றைக்கே வைத்துவிட வேண்டும்."

வணிகக் கணக்கு இங்கே மக்லூபாவைப் போலத் தலைகீழாகிறது. திரும்பி வரமாட்டார் என்பதால் குறைத்துக் கொடுப்பது உலக வழக்கம். திரும்பி வரமாட்டார் என்பதாலேயே நிறைத்துக் கொடுப்பது விருந்தோம்பல். எஞ்சிய அப்பங்களை அவர் தாளில் சுற்றி, "வண்டி ஓட்டுநருக்கும் வழிக்கும்" என்று எங்கள் கையில் தந்தபோது ரூத்தின் வரலாறு நினைவுக்கு வந்தது. மோவாபு நாட்டிலிருந்து வந்த அக்கைம்பெண் கதிர் பொறுக்கியது இதே ஊரின் வயல்களில்தான். போவாசு அவரை உணவு வேளையில் அருகே அழைத்து, அப்பத்தைப் புளித்த இரசத்தில் தோய்த்து உண்ணச் செய்தார். ரூத்து வயிறார உண்டு, எஞ்சியதை மாமியார் நகோமிக்கு எடுத்துச்சென்றார். புதிதாக வந்த அந்த அயல்நாட்டுப் பெண்ணே தாவீது அரசரின் கொள்ளுப்பாட்டி ஆனார். மத்தேயு எழுதிய மூதாதையர் பட்டியலில் அவர் பெயர் நிலைத்திருக்கிறது. ஒருவேளை உணவில் அந்நியரை அந்நியராகவே விட்டிருந்தால் மீட்பின் வரலாறு எவ்வழியில் சென்றிருக்கும்!

அந்த உணவகத்தின் சுவரில் நிழற்படங்கள் பல தொங்கின. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை சிலி நாட்டிலிருந்து வந்தவை. பெத்லகேம், பைத் ஜாலா, பைத் சாகூர் ஆகிய ஊர்களின் கிறிஸ்தவக் குடும்பங்கள் நூறாண்டுக்கு முன்பிருந்தே தென்னமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து வருகின்றன. சிலியில் குடியேறிய பாலஸ்தீனியர் 1920இல் நிறுவிய 'பலெஸ்தினோ' என்னும் கால்பந்துக் கழகம் அந்நாட்டின் தலைநகரான சாந்தியாகோவில் இன்றும் ஆடிவருகிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பெத்லகேமில் கிறிஸ்தவரே பெரும்பான்மையினர். இன்று அவர்கள் சிறுபான்மையினர். கோவில்கள் நிற்கின்றன, அவற்றில் செபிக்கும் குடும்பங்கள் குறைந்துகொண்டே போகின்றன.

எஞ்சியோரின் வாழ்வு பெரிதும் திருப்பயணிகளையே சார்ந்தது. விடுதி, உணவகம், ஒலிவ மரச் சிற்பம், வழிகாட்டுதல் ஆகியவையே பலரது தொழில்கள். 2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் பிறப்புப் பேராலயமே மூடப்பட்டது. அதிலிருந்து மீண்டெழும் வேளையில், 2023 அக்டோபரில் போர் மூண்டது. அவ்வாண்டும் 2024ஆம் ஆண்டும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் பேராலயச் சதுக்கத்தில் மரம் அலங்கரிக்கப்படவில்லை. 2025 டிசம்பரில்தான் அதன் விளக்குகள் மீண்டும் ஒளிர்ந்தன.

டீச்சரம்மாவுக்கும் அம்மூதாட்டியின் மருமகளுக்கும் இடையே ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்பு வாழ்த்து சென்றுவருகிறது. 2024இல் வந்த மறுமொழி நீளமானது. போர் தொடங்கியது முதல் உணவகம் பூட்டிக் கிடப்பதாகவும், மூத்த மகன் சிலிக்குச் சென்றுவிட்டதாகவும், அத்தையை உடன் அழைத்தும் அவர் மறுத்துவிட்டதாகவும் மருமகள் எழுதியிருந்தார். "ஒலிவக் காய்களைப் பறிக்க ஆள் வேண்டாமா?" என்பதே அவர் சொன்ன காரணமாம். அம்மடலை எங்கள் குழுவினர் கூடியிருந்தபோது டீச்சரம்மா படித்துக் காட்டினார். சென்னை அன்பர் தலை கவிழ்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

புனித நாட்டுக்குச் செல்வோர் அங்கே கற்களை முத்தி செய்து திரும்புகிறோம். அது நன்றே. அதே ஊரில் உயிருள்ள கற்களும் உண்டு. அவர்கள் நமக்கு அப்பம் பரிமாறுகின்றனர். நாம் வரும்வரை காத்திருக்கின்றனர். நாம் வராத ஆண்டுகளில் ஒருவர்பின் ஒருவராக ஊரைவிட்டுச் செல்கின்றனர். நம்முள் மிகப் பலருக்கு அங்கே செல்லும் வாய்ப்பு அமையாது. ஆயினும் நம் பங்குகளில் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு வழி திறக்கிறது. பெரிய வெள்ளியன்று சிலுவை முத்தி செய்கையில் நாம் இடும் காணிக்கை புனித நாட்டுத் திருச்சபைக்கே செல்கிறது. அதனை உலகத் திருச்சபையின் கடமையாகத் திருத்தந்தை ஆறாம் பவுல் 1974இல் மீண்டும் வலியுறுத்தினார். வாடிக்கையாகச் சில்லறையைத் தேடி எடுத்துத் தட்டில் போட்டுவிட்டு நகரும் காணிக்கை அது.

சென்ற பெரிய வெள்ளியன்று சென்னை அன்பர் தம் பங்கில் ஓர் உறையை அத்தட்டில் இட்டாராம். உறையின்மீது அவர் எழுதியிருந்தது ஒரே சொல்: 'தண்ணீருக்கு.'