வேண்டியிருந்தது

ஆங்கிலத்தின் 'வான்ட்' என்ற வினை ஆதியில் ஆசையைக் குறித்ததல்ல. பழைய நார்ஸ் மொழியிலிருந்து அங்கே குடியேறியபோது அதன் பொருள் இல்லாதிருத்தல், குறைபடுதல். 1611இன் ஆங்கில விவிலியத்தில், 23ஆம் சங்கீதக்காரன் தனக்கு நேராது என்று சொல்வதும் இந்தக் குறையைத்தான். தமிழில் பெயர்த்தவர்கள் 'தாழ்ச்சி' என்று சரியாகவே பிடித்திருக்கிறார்கள். ஆசைப்படுதல் என்ற அர்த்தம் 18ஆம் நூற்றாண்டில்தான் ஊன்றியது. 1793இல் வில்லியம் ப்ளேக் செதுக்கிய ஒரு சிறு படத்தில், பிறைநிலவின் மேல் சாத்திய நீண்ட ஏணியில் ஒருவன் கால் வைக்கிறான். கீழே இந்த வினை இரண்டு தடவை. இல்லை என்று அழுகிறானா, கொடு என்று கேட்கிறானா? அன்றைய காதுக்கு இரண்டும் கேட்டிருக்கும்.

நம்முடைய 'வேண்டும்' நடந்து வந்தது வேறு பாதையில். வேள், வேட்கை, வேட்டல் என்கிற குடும்பம் அது. காதலின் நிலைகளை அடுக்குகிற தொல்காப்பியக் களவியல் வேட்கையைத்தான் முதலில் வைக்கிறது. மன்மதன் கருவேள், முருகன் செவ்வேள். இப்படிச் செழிப்பாகத் தொடங்கிய சொல் இன்று 'வரி கட்ட வேண்டும்' வரைக்கும் இறங்கியிருக்கிறது. அங்கே இல்லாமை ஆசையாயிற்று. இங்கே ஆசை கடமையாயிற்று.

எனக்கு முக்கியமாகப் படுவது இதன் இலக்கணம். 'எனக்கு வேண்டும்' என்கிறோம். பசிப்பதும் வலிப்பதும் போல வேண்டுவதும் எனக்கு வந்து நேர்கிறது. அதைச் செய்கிறவன் நானில்லை. 'நான் வேண்டினேன்' என்று எழுவாயாக எழுந்து நின்றால் உடனே அது பிரார்த்தனை ஆகிவிடுகிறது. நம் பேச்சில் சித்தத்தை முழுசாக ஒருவனுக்குக் கொடுக்கிற பிரயோகம் 'வேணும்னே செஞ்சான்' என்பதுதான். அது குற்றச்சாட்டு. 'நல்லா வேணும் அவனுக்கு' என்பது தண்டனை.

இறந்தகாலத்தில் நிலைமை இன்னும் மோசம். 'அவள் போக வேண்டும்' என்றால் அவள் ஆசையாகவும் இருக்கலாம், நம் உத்தரவாகவும் இருக்கலாம். 'போக வேண்டியிருந்தது' என்று சொல்லிவிட்டால் ஆசை உதிர்ந்து நிர்ப்பந்தம் மட்டும் மிஞ்சுகிறது. மொழிபெயர்க்கிற நண்பர்கள் இந்த இடத்தில் 'விரும்பினாள்' என்று போட்டுத் தப்பித்துக்கொள்கிறார்கள். விரும்பினாள் என்று எந்த வீட்டில் யார் பேசுகிறார்கள்? 'ஆசைப்பட்டாள்' பேசுகிற சொல்தான், ஆனால் அதில் ஒரு கண்டிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆசைப்பட்டாளாம் என்று முகவாயைத் தோளில் இடித்துக்கொள்கிற கண்டிப்பு.

என் அம்மாயி ஜேடர்பாளையத்துக்காரி. காவிரியை அங்கே அணைகட்டித் திருப்பி, அல்லாள இளைய நாயக்கர் வெட்டியதாகச் சொல்லும் ராஜா வாய்க்கால் போகிறது. கரும்பு, வாழை, வெற்றிலைக் கொடிக்கால் எல்லாம் அதன் தயவு. தண்ணீர் முறைக்கு நடுராத்திரி மண்வெட்டியோடு போகிறவனும் 'போகோணும்' என்பான். சினிமாவுக்குப் போகத் துடிக்கிறவனும் 'போகோணும்' என்பான். முகத்தைப் பார்த்துத்தான் எது என்று தெரிந்துகொள்ள முடியும்.

அம்மாயி தன் கதையைச் சொல்லும்போது ஒரு முடிப்பு திரும்பத் திரும்ப வரும். "நாலாவது வரைக்கும் போனேன் கண்ணு. அஞ்சாவதும் போகோணும்னு இருந்துச்சு. தம்பி பொறந்துட்டான், பாத்துக்க வேண்டியதாப் போச்சு." கட்டிக்க வேண்டியதாப் போச்சு. ஆலையில் கொப்பரைக்கு முன்னால் நிற்க வேண்டியதாப் போச்சு. புகார் என்று சொல்ல முடியாத தொனி. 'போகோணும்னு இருந்துச்சு' என்பது மட்டும் அந்த ஒரு இடத்தில்தான், ஐந்தாம் வகுப்புக்கு. எங்கள் மொழிபெயர்ப்பாளர்கள் தேடுகிற இறந்தகாலம் அதுதான் என்று நினைக்கிறேன். யாரும் எழுத்தில் எடுத்துக்கொள்ளவில்லை, கொச்சை என்று.

அவள் எழுவாயாக நின்ற இடம் வேறொன்று உண்டு: "வேண்டிக்கிட்டேன்." மாமாவுக்குக் காய்ச்சல், மாட்டுக்கு மடிநோய், அம்மாவுக்குப் பிரசவம். ஒற்றை ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து வைப்பாள். காரியம் ஆனதும் சாமிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கணக்கில் அவள் கறார். யாருக்காக, எதற்காக என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மறைக்கிற விஷயமில்லை அது. தனக்காக ஒன்றுகூட வேண்டியதாக நாங்கள் கேட்டதில்லை. எங்களுக்கு அது பெருமையாகவே இருந்தது. இப்போது யோசித்தால் பெருமைப்படுகிற விஷயமாகத் தோன்றவில்லை.

குறளில் அவாவறுத்தல் அதிகாரத்தின் இரண்டாவது பாட்டு இந்த ஒரே வினையை நான்கு தடவை சுழற்றுகிறது. ஆசையற்றிருப்பதையும் ஆசைப்பட்டுத்தான் அடைய வேண்டியிருக்கிறது என்கிற சிக்கலை எழுதியவர் நன்றாகவே அறிந்திருக்கிறார். ஆனால் அறுப்பதற்கு முதலில் ஒன்று முளைத்திருக்க வேண்டும். அந்த முளைப்புக்கு இடம் கிடைத்தவர்களுக்கான பாட்டு அது.

அவள் போன பிறகு தகரப் பெட்டியைத் திறந்தபோது, இரண்டு வாயில் சேலைக்கு அடியில் ஒரு மஞ்சள் முடிச்சு இருந்தது. துணி வெளுத்து, நாணயம் கறுத்திருந்தது. எதற்காக முடிந்தது என்று அம்மாவுக்கும் தெரியவில்லை, மாமாக்களுக்கும் தெரியவில்லை. ஒவ்வொருவரும் தன் காரியமாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தார்கள். ஒன்றும் பொருந்தவில்லை, எல்லாம் செலுத்தியாகிவிட்டவை. வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று பெரிய மாமா ஆற்றைத் தாண்டிப் போய்க் கொடுமுடி உண்டியலில் போட்டுவிட்டு வந்தார். அந்தச் சாமிக்குத்தான் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. பக்கத்தில் அதுதான் பெரிய கோயில்.