வென்றும் வாழாத குழுக்கள்

தோற்ற குழு கலைவதில் வியப்பில்லை. வென்ற குழுவே கலைந்தால்?

அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் சின்சினாட்டி என்றொரு நகரம். பனிக்கட்டித் தளத்தில் சறுக்கியவாறே ரப்பர் வட்டை அடித்தாடும் ஐஸ் ஹாக்கிக்கென்று அங்கே பல சிறு குழுக்கள் தோன்றி மறைந்தன. அவற்றின் கதையைப் படித்த நாள் முதல் அது என் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

1949இல் எழுந்தது 'சின்சினாட்டி கார்டன்ஸ்' அரங்கு. அங்கு ஆடிய 'மோஹாக்ஸ்' குழு 1953 முதல் 1957 வரை ஆண்டு தவறாமல் டர்னர் கோப்பையை வென்றது. ஐந்து ஆண்டுகள்; ஐந்து கோப்பைகள்! 1958இல் குழுவே இல்லை.

1971இல் வந்தது 'ஸ்வார்ட்ஸ்'. வாள்கள் என்று பொருள். பஃபலோ நகரத்துப் பெருங்குழுவான 'சேபர்ஸ்' தன் இளம் ஆட்டக்காரர்களைப் பழக்க வைத்திருந்த குழு அது. (அந்தப் பெயருக்கும் வாள் என்றே பொருள், என்ன, சற்று வளைந்த வாள்!) 1973இல் கால்டர் கோப்பையை வென்றது, மறு ஆண்டே மறைந்தது. 1997இல் வந்த 'மைட்டி டக்ஸ்' குழுவோ, தலைமைக் குழுவான அனாஹெய்ம் 2005இல் தன் உறவைப் போர்ட்லாந்துக்கு மாற்றிக்கொண்டதும் ஆதரவற்று நின்றது.

நம் விடுதிக் குழுக்களும் இறுதியாண்டுத் தேர்வு முடிந்ததும் கலைகின்றனவே என்பீர்கள். உண்மைதான். ஆனால் நாம் நாமாகக் கலைகிறோம். சிறு குழுவின் ஆயுளோ அதன் ஆட்டத்தில் இல்லை. எங்கோ தொலைவில் எவரோ புரட்டும் கணக்கேட்டில் இருக்கிறது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

2018இல் அந்த அரங்கையும் இடித்துவிட்டார்கள்.