குழாய்த் துண்டில் மோகனம்

சனி

பிளம்பர் வேலை முடித்துப் போன பிறகு மொட்டை மாடியில் நாலடி பி.வி.சி. குழாய் ஒன்று மிச்சம் கிடந்தது. அரை அங்குலக் குழாய். தங்கை மகள் லீவுக்கு வந்திருக்கிறாள். ஆக்சா பிளேடால் 24 செ.மீ. துண்டு ஒன்றை அறுத்து, ஒரு வாயை உள்ளங்கையில் தட்டினேன். ‘டுப்’ என்றது. அதையே ‘ச’ என்று வைத்துக்கொண்டோம்.

ஒரு வாயைக் கை மூடுகிறது, மறு வாய் திறந்திருக்கிறது. அலையின் கால்பங்கு குழாய்க்குள் நிற்கும். ‘ப’வுக்கு மூன்றில் இரண்டு பங்கு நீளம், மேல் ‘ச’வுக்குப் பாதி. கணக்கு இத்தோடு முடிந்துவிடுகிறது, காது விடுவதில்லை. சரிபாதி 12 செ.மீ. வைத்தால் சுருதி ஒரு நூல் கீழேயே நிற்கும். திறந்த வாய்க்கு வெளியேயும் கொஞ்சம் காற்று சேர்ந்து அதிர்வதால் வரும் வினை. வாயின் ஆரத்தில் ஏறத்தாழ 0.6 பங்கு அது. அதற்கு ஈடாக இரண்டு மூன்று மில்லிமீட்டரை உப்புத்தாளில் தேய்த்தெடுக்க வேண்டும். சத்தம் எந்தக் குப்பையிலும் வரும். சுருதிக்குத்தான் இந்தத் தேய்ப்பு.

ஞாயிறு

ச, ரி, க, ப, த, மேல் ச. மோகனம். ம-வும் நி-யும் இல்லாததால் யார் எந்தத் துண்டை எப்போது தட்டினாலும் காதைக் குத்துவதில்லை. பக்கத்து வீட்டுப் பொடிசுகளும் வந்துவிட்டன.

திங்கள்

பழைய டானிக் பாட்டில்கள். வாயில் வைத்து ஊதினால், தண்ணீர் ஏற ஏறச் சுருதியும் ஏறுகிறது. அதே பாட்டிலைக் கரண்டியால் தட்டினால் தண்ணீர் ஏற ஏறச் சுருதி இறங்குகிறது. ஊதும்போது பாடுவது காற்று, தட்டும்போது கண்ணாடி. ஜலதரங்கக் கிண்ணங்கள் இந்த இரண்டாம் வகை.

“அப்போ தண்ணி பாடவே பாடாதா மாமா?” என்றாள்.

செவ்வாய்

உறிஞ்சுகுழலின் நுனியை நசுக்கி, இரு பக்கமும் சாய்வாக வெட்டி ஊதினால் நாகஸ்வரச் சீவாளியின் தூரத்து உறவு போலக் கத்தும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலுக்குத் தடை. காகிதக் குழல் எச்சில் பட்டதும் துவண்டுவிடுகிறது. தடையைக் குறை சொல்ல மனமில்லை.

வியாழன்

அவளுக்குப் பராகுவேயின் கட்டேயூரா பிள்ளைகளின் காணொளியைக் காட்டினேன். அசுன்சியோன் நகரக் குப்பைமேட்டை ஒட்டிய ஊர். ஃபாவியோ சாவேஸ் என்ற இசை ஆசிரியரும், குப்பை பொறுக்கிப் பிழைத்த நிக்கோலாஸ் கோமஸும் சேர்ந்து தகர டப்பாவில் வயலினும் எண்ணெய் டிரம்மில் செல்லோவும் செய்தார்கள். அவர்களைப் பற்றிய ஆவணப்படம் 2015இல் வந்தது. எங்களுடையது லீவு விளையாட்டு. அங்கே நிலைமை வேறு, வாங்கிக் கொடுக்க வயலின் இல்லை.

வெள்ளி

கீழ்வீட்டுப் பாட்டி ஒரு காலத்தில் பாட்டு வாத்தியார். சத்தம் தாங்காமல் ஏறி வந்தார் என்றுதான் நினைத்தேன். துண்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்.

“தம்பி, இந்தத் த-வை எடுத்துட்டு நி போட்டா ஹம்சத்வனி ஆச்சே!”

கணக்குப்படி நி-க்கு 12.6 செ.மீ. வேண்டும். மிச்சக் குழாய் சாணுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது, அது போதும். பாட்டியே குழாயைப் பிடித்துக்கொள்ள, நான் அறுத்தேன்.