ஒப்பமிடும் முன்

கையொப்பம் என்பது ஒரு மனிதன் தன் சொல்லுக்குத் தானே சாட்சியாய் நிற்பதாகும். எனவேதான் அதனைப் பெறுவோர் அவசரப்படுத்துகின்றனர், இடுவோர் அஞ்சுகின்றனர். அந்த அவசரத்துக்கும் இந்த அச்சத்துக்கும் நடுவே ஓர் இரவாவது கழிய வேண்டும் என்பது என் எண்ணம்.

அண்மையில், அவிநாசியில் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒருவர் ஒரு தாளுடன் வந்தார். எந்திர உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் 18 ஆண்டுகள் சி.என்.சி. பொறியில் நின்றவர். வேலைகள் குறைந்ததால் ஆட்குறைப்பு என்று சொல்லி, மூன்று இலட்சம் ரூபாயை ‘முழுமையும் இறுதியுமான தீர்வு’ எனக் குறித்து நிர்வாகம் அத்தாளை நீட்டியிருந்தது.

“நாளைக்குள்ள கையெழுத்துப் போட்டாத்தான் செக்குங்கறாங்க. போட்டுரலாங்களா, மாமா?” என்று கேட்டார். மறுநாளுக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கில்லை. கோவையில் தொழிலாளர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் ஒருவரிடம் இருவரும் சென்றோம்.

வழக்கறிஞர் முதலில் விரல் வைத்தது தொகையின்மேல் அன்று. ‘என் சொந்த விருப்பத்தின்பேரில் விலகுகிறேன்’ என்னும் வரியின்மேல். நிர்வாகம் ஆளைக் குறைத்தால் அது ஆட்குறைப்பு. ஒரு மாத முன்னறிவிப்பும், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் இழப்பீடாகத் தர வேண்டும். தொழிலாளி தாமே விலகினால் அந்த இழப்பீடு இல்லை. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டம் வகுத்த அளவு இது. 2025 நவம்பர் 21 அன்று அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் இதே அளவுதான் உள்ளது. ஒரே ஒரு சொற்றொடர் 18 ஆண்டு உழைப்பின் பயனைத் துடைத்துவிடக் கூடும்.

பிறகு அவர் கணக்கிட்டுக் காட்டினார். அடிப்படை ஊதியமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 26,000 ரூபாய். பணிக்கொடைக்கு மாதத்தை 26 நாளாகக் கொண்டு ஆண்டுக்கு 15 நாள் ஊதியம். அதாவது ஆண்டுக்கு 15,000, பதினெட்டு ஆண்டுகளுக்கு 2,70,000. ஆட்குறைப்பு இழப்பீடு ஆண்டுக்கு ஏறத்தாழ அரை மாத ஊதியம் என வைத்தால் 2,34,000. முன்னறிவிப்புக்கு ஈடாக 26,000. மொத்தம் 5,30,000 ரூபாய். வருங்கால வைப்பு நிதி இதில் சேராது. அது முன்னரே அவருடைய பணம். பணிக்கொடை சட்டம் தந்த உரிமை. ஓர் ஒப்பந்தத் தாளில் எழுதி அதனைப் பறிக்க இயலாது.

தாளில் வேறொரு நிபந்தனையும் இருந்தது: இரண்டாண்டுகள் இதே தொழில் செய்யும் வேறு ஆலையில் சேரக் கூடாது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி, வேலை முடிந்தபின் பிழைப்பைத் தடுக்கும் இத்தகைய நிபந்தனை செல்லாது. ஆலையின் வரைபடங்களையும் இரகசியங்களையும் எடுத்துச் செல்லலாகாது என்பது வேறு; கையிலுள்ள தொழிலைச் செய்யலாகாது என்பது வேறு.

அவருடைய பணி ஆணையில் ‘மேற்பார்வையாளர்’ என்றிருந்தது. மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் பெறும் மேற்பார்வையாளரைப் புதிய தொகுப்பு தொழிலாளியாகக் கொள்வதில்லை. ஆனால் நீதிமன்றங்கள் பதவிப் பெயரைவிட அன்றாட வேலையின் தன்மையையே பெரிதும் நோக்கும். தொழில்நுட்ப வேலை செய்வோர் தொழிலாளி என்னும் வரையறைக்குள் அடங்குவர். பொறியை இயக்கியவர் அவரே என்பதற்குப் பணிப் பதிவேட்டின் நகல்கள் சான்றாயின.

கூட்டாகப் பேசுவோர்க்குச் சட்டத்தின் அளவு தொடக்கமே அன்றி எல்லை அன்று. மறைமலைநகரில் போர்டு ஆலை 2022இல் உற்பத்தியை நிறுத்தியபோது, தொழிலாளர் போராடியும் பேசியும் ஆண்டுக்குச் சராசரி 130 நாள் ஊதியம் என்னும் தீர்வை அந்தச் செப்டம்பரில் எட்டினர். தனியாய் ஓர் அறையில் அமர்ந்து தாளைப் பார்ப்பவருக்கு அந்த வலிமை இல்லை. அதனால்தான் அவருக்கு ஆலோசனை தேவை.

1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் வெளியிட்ட சுற்றுமடல் இந்த இடத்தைத் தொட்டுப் பேசுகிறது. இரு தரப்பும் இசைந்தன என்பதாலேயே ஓர் ஒப்பந்தம் நீதியாகிவிடாது. வேறு வழியில்லாமையாலோ பெருந்தீமைக்கு அஞ்சியோ தொழிலாளி கடுமையான நிபந்தனையை ஏற்றால், அவர் வன்முறைக்கு ஆளானவரே என்பது அதன் கருத்து. நம் அண்டை வீட்டாருக்கு அந்த வேறு வழியைக் காட்டுவதும் நீதிப்பணியே.

வழக்கறிஞர் எழுதிய கடிதத்துக்குப்பின் மூன்று வாரம் பேச்சு நடந்தது. பணிக்கொடை தனியே வந்தது. இழப்பீடு சற்றுக் குறைத்து முடிந்தது. இரண்டாண்டுத் தடை நீங்கியது. வேலை திரும்பவில்லை. ஆயினும் தாம் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதை அறிந்து அவர் ஒப்பமிட்டார். ஒப்பமிட்டபின் ‘அழுத்தத்தால் இட்டேன்’ என்று மெய்ப்பிக்கும் சுமை, இட்டவர் தோள்மீதே விழும்.

கட்டணத்துக்கு அஞ்சி எவரும் தயங்க வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, தொழிலாளர்க்கும் பெண்களுக்கும் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை வழங்குகிறது. 15100 என்னும் தொலைபேசி எண்ணில் வழி கேட்கலாம். பணி ஆணை, ஊதியச் சீட்டுகள், வைப்பு நிதிக் கணக்கு ஆகியவற்றின் நகல்களை வேலையில் இருக்கும்போதே வீட்டில் சேர்த்து வையுங்கள். தாள் நீட்டப்பட்டால், “நகல் கொடுங்கள், படித்துவிட்டு வருகிறேன்” என்று பணிவோடு சொல்லுங்கள். தகராறு எழுந்தால் காலம் தாழ்த்தாதீர்கள். இரண்டு ஆண்டுகளுக்குமேல் கடந்துவிட்டால் சமரச அலுவலர் அதனை எடுத்துக்கொள்ள இயலாது.