மலைக்கு இரண்டு டிக்கெட்டு

கோயம்புத்தூர்வாசிகளுக்கு மலை என்பது அபூர்வமான வஸ்து அல்ல. மேற்கே வெள்ளியங்கிரி, வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை என்று மலைகள் நின்று ஊரைக் காவல் காக்கின்றன. மழை பெய்து வானம் வெளுத்த ஒரு மாலையில் மொட்டை மாடியில் நின்று நோக்கினால், கையை நீட்டித் தொட்டுவிடலாம் என்னும்படி அவை கிட்ட வந்து நிற்கும். ஆயினும் நம்மவர் மலையைப் பார்ப்பது, சுவரில் மாட்டிய காலண்டரைப் பார்ப்பது போலத்தான். தேதியைப் பார்க்கிறோம், படத்தைப் பார்ப்பதில்லை.

கொங்கு நாட்டார் உழைப்பாளிகள். முகஸ்துதிக்காக இதை நாம் சொல்லவில்லை. வானம் பார்த்த பூமியில் ஆழக் கிணறு வெட்டிப் பருத்தி விளைத்து, பருத்திக்கு ஆலை கட்டி, கிணற்றுக்கு மோட்டாரும் பம்பும் தாமே செய்துகொண்ட ஜனங்கள் அல்லவா? ஆனால் இத்தகைய உழைப்பாளிகளின் வீடுகளில் ஒரு குறை உண்டு. கணவனுக்கும் மனைவிக்கும் நடக்கும் சம்பாஷணை முழுவதும் வரவு செலவு, பள்ளிக்கூடச் சம்பளம், தண்ணீர் லாரி, அடுத்த வாரத்து மொய் ஆகிய நான்கு விஷயங்களுக்குள் அடங்கிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமையாவது ஓய்வு உண்டா என்றால், அன்றுதான் காதுகுத்து, சீர், கெடா விருந்து, வளைகாப்பு எல்லாம் வந்து வரிசையில் நிற்கின்றன. ஒரே வீட்டில் இருபது ஆண்டு வாழ்ந்தும், ஒருவர் மனத்தில் என்ன இருக்கிறது என்று மற்றவர் விசாரிக்க அரை மணி நேரம் அகப்படாத தம்பதிகள் நம்மிடையே எத்தனை பேர்!

கல்யாணமான புதிதில் மலைக்குப் போய் வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. அதற்குத் ‘தேன் நிலவு’ என்று அழகான பெயரும் வைத்திருக்கிறோம். அதற்கப்புறம்? குழந்தை குட்டிகள், மாமன் மச்சான், கூடை நிறையப் புளிச்சாதம் சகிதமாக ஒரு வேன் நிறையப் போவதுண்டு. இருவர் மட்டும் போவதென்றால் வீட்டில் பெரியவர்கள், “இந்த வயசுல இதென்னடா கூத்து?” என்பார்கள். அக்கம்பக்கத்தார் சிரிப்பார்கள். ஆகவே அந்த எண்ணம் எழும்போதே அமுங்கிப் போகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், மலையையும் காதலையும் இணைத்துப் பார்த்த முதல் ஜனங்களே நாம்தாம் என்று சொல்லும்படி நம் இலக்கணம் இருக்கிறது. நிலத்தை ஐந்தாகப் பகுத்த பழந்தமிழர், மலையும் மலை சார்ந்த இடத்துக்கும் குறிஞ்சி என்று பெயரிட்டு, தலைவனும் தலைவியும் கூடுவதை அதற்கு உரிய ஒழுக்கமாக வைத்தார்கள். பிரிவுக்குப் பாலை, ஊடலுக்கு மருதம், கூடலுக்கு மலை. அந்த மலைக்கு உரிய தெய்வமாகிய முருகனும் தினைப்புனம் காத்த மலைக்குறப் பெண்ணைத் தேடிச் சென்றே மணந்தான். மருதமலைக்கும் பழநிக்கும் பயபக்தியோடு ஏறுகிற நாம், மனைவியை அழைத்துக்கொண்டு இரண்டு நாள் மலைக்குப் போக மட்டும் வெட்கப்படுவது எந்தச் சாஸ்திரத்தைச் சேர்ந்தது என்று நமக்குத் தெரியவில்லை.

நீலகிரியை வெள்ளைக்காரர்கள் ‘கண்டுபிடித்தார்கள்’ என்று பாடப் புத்தகங்களில் படித்திருக்கிறோம். தோடரும் கோத்தரும் குறும்பரும் இருளரும் படகரும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மலையை ஒருவர் புதிதாகக் கண்டுபிடிப்பது எவ்வாறு? நடந்தது இதுதான். கோயம்புத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1819-ஆம் ஆண்டில் மலையேறி, கோத்தகிரிக்கு அருகே கன்னேரிமுக்கில் பங்களா கட்டிக்கொண்டார். சில ஆண்டுகளில் உதகையில் கல் வீடு எழுந்தது, ஏரி வெட்டப்பட்டது. பிற்பாடு சென்னை ராஜதானியின் சர்க்காரே கோடைதோறும் கோப்புகளைக் கட்டிக்கொண்டு மலையேறத் தொடங்கிற்று. கீழே நம் குடியானவர்கள் வெயிலில் வாடியபோது, மேலே குளிரில் உட்கார்ந்து அவர்களுக்கு வரி போட்டார்கள். நம்மவர் அங்கே போனதெல்லாம் மூட்டை சுமக்கவும் தோட்டத்தில் கூலி வேலை செய்யவுமே.

அந்தச் சல்லிவனின் வாழ்விலும் தம்பதிகள் நினைக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. அவருடைய மனைவி ஹென்றியட்டாவும் ஒரு மகளும் உதகையின் புனித ஸ்டீபன் தேவாலயக் கல்லறை நிலத்தில் உறங்குகிறார்கள். அவரோ 1855-இல் இங்கிலாந்தில் காலமாகி அங்கேயே அடக்கமானார். ஊருக்கு ஏரியும் தோட்டமும் வகுத்த மனிதர், தம் துணைவியை அந்த மலையிலேயே விட்டுவிட்டுக் கப்பலேற நேர்ந்தது. சேர்ந்திருக்கக் கிடைத்த நாட்களைச் சேர்ந்தே கழிக்கவேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இப்போது மலை நம்முடையது. சாதாரணக் குமாஸ்தாவும் ஆலைத் தொழிலாளியும் உபாத்தியாயரும் இரண்டு டிக்கெட்டு வாங்கிக்கொண்டு ராஜாங்கமாக ஏறலாம். எப்படி ஏறுவது என்பதே கேள்வி. நம்முடைய யோசனை, மேட்டுப்பாளையத்திலிருந்து காலை ஏழு மணியளவில் புறப்படும் மலை ரயில்தான்.

இந்த ரயிலைப் பற்றிய யோசனை 1854-லேயே எழுந்தது. வேலை தொடங்கியது 1891-இல். குன்னூர் வரை 1899-இலும், உதகை வரை 1908-இலும் வண்டி ஓடிற்று. 46 கிலோமீட்டர் தூரத்துக்குள் 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். கல்லாறு தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. செங்குத்தான இடங்களில் பன்னிரண்டு அடி நகர்ந்தால் ஓர் அடி உயரவேண்டும். வெறும் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கிவிடும் அல்லவா? ஆகையால் நடுவே பற்கள் வைத்த இரும்புப் பட்டைகளைப் பதித்திருக்கிறார்கள். என்ஜினின் பற்சக்கரம் அந்தப் பற்களைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. ஸ்விட்ஸர்லாந்து நாட்டு ரோமன் ஆப்ட் என்பவர் வகுத்த முறை இது. என்ஜின் வண்டிக்கு முன்னால் நின்று இழுப்பதில்லை. பின்னால் நின்று தள்ளுகிறது. குடும்பத்தைத் தள்ளிக்கொண்டு போகிற எந்த மனிதருக்கும் அந்த என்ஜினைக் கண்டவுடன் ஒரு பந்துத்துவம் தோன்றாமல் இராது! 2005-இல் யுனெஸ்கோ நிறுவனம் இந்த ரயில் பாதையை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாகச் சேர்த்தது.

மோட்டாரில் இரண்டு மணி நேரத்தில் உதகை சேரலாம். இந்த வண்டிக்கோ ஐந்து மணி நேரம். இந்தத் தாமதமே இதன் மகிமை என்போம். மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஊர்ந்து ஏறும்போது, பாக்கு மரங்கள் பின்தங்கி, காடு வந்து, காட்டுக்கு மேல் தேயிலை வந்து, காற்றின் வாசனையே மாறுவதை இருவரும் சேர்ந்து கவனிக்கலாம். ஹில்குரோவ் நிலையத்தில் என்ஜின் தண்ணீர் குடிக்கிறது. நாம் தேநீர் குடிக்கலாம். குரங்குகள் நம் கையிலிருப்பதைக் கவனித்துக்கொண்டிருக்கும்.

ஒருமுறை நமக்கு எதிர் ஆசனத்தில் அவிநாசிப் பக்கத்துத் தம்பதிகள் அமர்ந்திருந்தார்கள். ஐம்பது வயதிருக்கும். கல்லாறு வரையில் அந்த மனிதர் கைப்பேசியில் நூல் விலை பேசிக்கொண்டே வந்தார். இரண்டாவது குகையோ மூன்றாவது குகையோ, பேச்சு அறுந்துவிட்டது. அவர் கைப்பேசியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். அம்மாள் மெதுவாக, “ஏனுங்க, விடுங்க. அது மேலே போனா வரும். நம்ம கல்யாணத்தன்னிக்கு இப்படித்தானே தூறல் போட்டுது?” என்றார். மனிதர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு, “ஆமாங் கண்ணு, பந்தலெல்லாம் நனைஞ்சு போச்சு” என்று தொடங்கியவர், குன்னூர் வரும் வரை நிறுத்தவில்லை. நூல் விலை அதற்குள் ஏறிற்றோ இறங்கிற்றோ, நமக்குத் தெரியாது.

மேலே போன பிறகு செய்யத்தகாத காரியம் ஒன்று உண்டு. வாடகைக் கார்க்காரர் ஒரு பட்டியலை நீட்டுவார். ஏரி, ரோஜாத் தோட்டம், 8,650 அடி உயரமுள்ள தொட்டபெட்டா, நீர்வீழ்ச்சி, சாக்லேட் கடை என்று ஒரே பகலில் பத்து இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் பதினைந்து நிமிஷம். பத்து நிமிஷம் படம் பிடிக்க, ஐந்து நிமிஷம் ஓட. மாலையில் அறைக்குத் திரும்பும்போது கணவனுக்குத் தலைவலி, மனைவிக்குக் கால்வலி, இருவருக்கும் கோபம். கீழே விட்டு வந்த அவசரத்தையே வாடகை கொடுத்து மேலே கொண்டுவந்ததாக முடியும்.

நாம் சொல்லும் திட்டம் எளியது. சனிக்கிழமை ரயிலில் ஏறிக் குன்னூரிலேயே இறங்கிவிடுங்கள். பிற்பகல் சிம்ஸ் பூங்காவுக்கு நடந்து செல்லுங்கள். 1874-இல் உருவான அந்தப் பூங்காவில் ருத்ராக்ஷ மரமும் உண்டு. கீழே விழுந்த கொட்டைகளைத் தேடுவதிலேயே ஒரு மணி நேரம் இன்பமாகக் கழியும். மறுநாள் காலை கேத்தி வரை ரயிலில் போய்ப் பள்ளத்தாக்கைப் பார்த்து வரலாம். 1982-இல் வெளிவந்த ‘மூன்றாம் பிறை’ படத்தைக் கண்டு அழுதவர்களுக்கு, அதன் கடைசிக் காட்சி நடந்த அந்தச் சின்னஞ்சிறு ரயில் நிலையத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மாலையில் கோத்தகிரி வழியாக இறங்கும் பஸ்ஸில் மேட்டுப்பாளையம் வந்து சேரலாம். அவ்வளவுதான். இடையிலுள்ள நேரத்தில் என்ன செய்வது என்று கேட்பீர்களானால், ஒன்றும் செய்யாமலிருப்பதற்காகத்தான் போகிறீர்கள் என்பதே நம் பதில்.

சில்லறை யோசனைகளும் சொல்லிவிடுகிறோம். மே மாதம் மலர்க் கண்காட்சிக் காலம்; அப்போது இருவர் தனித்திருக்க நினைப்பது, தேர்த் திருவிழாவில் தியானம் செய்வதற்கு ஒப்பாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து ரயில் நின்றுபோவதுண்டு. தை முதல் பங்குனி வரை உத்தமம். ரயிலில் இடம் குறைவு. முன்பதிவு தொடங்கிய உடனே பதிவு செய்துவிடுவது நலம். கம்பளிச் சட்டை இருவருக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றே எடுத்துச் சென்று, தாம் குளிரில் நடுங்கியபடி அதை மனைவிக்குப் போர்த்துவது சினிமாவுக்குத்தான் பொருத்தம். பரிசு வாங்க விரும்புவோர், தோடர் மாதர் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாய்ப் பின்னும் சால்வையைப் பாருங்கள். குழந்தைகளை அம்மிச்சி வீட்டில் விட்டுச் சென்றால், அவர்களுக்கும் அது உல்லாசப் பிரயாணமே.

ரயில் கிடைக்காதவர்கள் பொள்ளாச்சி வழியே வால்பாறைக்குப் போகலாம். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். அது யானையும் சிங்கவால் குரங்கும் இருவாட்சியும் வாழும் நாடு. இருட்டிய பின் தேயிலைக் காட்டில் உலாவுவதை மட்டும் தவிர்க்கவேண்டும். ஈரோடு, சேலம் பக்கத்தாருக்கு ஏற்காடு இருக்கிறது.

இனி ஒரு முக்கியமான விஷயம். சனி ஞாயிறுகளில் மலைப் பாதைகளில் வண்டிகள் நெரிந்ததைக் கண்டு, உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரி செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்தது. 2025 கோடையில் வாரநாட்களில் 6,000 வண்டிகள், சனி ஞாயிறுகளில் 8,000 வண்டிகள் என்று எல்லையும் விதிக்கப்பட்டது. இதைக் கெடுபிடி என்று சலித்துக்கொள்வோர் உண்டு. அவர்கள் கோயம்புத்தூரில் தங்கள் வீட்டுக் குழாயை ஒரு கணம் நினைக்கட்டும். நகரத்துக்குப் பில்லூரிலிருந்து வரும் குடிநீர் பவானியின் நீர். அது மேலே பெய்த மழை. மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துச் சிறுகச் சிறுக ஓடையில் விடுபவை சோலைக் காடுகள். கோத்தகிரிக்கு அருகே எஞ்சி நிற்கும் லாங்வுட் சோலை, 116 ஹெக்டேர் பரப்பே உடையது. ஆயினும் சுற்றுக் கிராமங்களின் தாகம் தீர்க்கிறது. 2024-இல் அது சர்வதேச முக்கியத்துவமுள்ள ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அந்த மலையில் நாம் ஒரு பிளாஸ்டிக் புட்டியை எறிந்தால், நம் வீட்டுக் குடத்திலேயே எறிந்ததாகும். வெள்ளைக்காரன் காலத்தில் மலையில் நாம் வேலையாட்கள், இப்போது சொந்தக்காரர்கள். சொந்தக்காரனுக்கு உரிமையோடு பொறுப்பும் உண்டு.

மலைக்கும் இல்லறத்துக்கும் சத்துரு ஒன்றே. அதன் பெயர் அவசரம். நிதானமாகச் செல்பவர்களால் இரண்டும் பிழைக்கும். நீலக் குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும் மலர். 2018-இல் பெருவாரியாகப் பூத்தது. இனி 2030-இல் பூக்கும். பூவுக்கு அந்தப் பொறுமை தகும். நேயர்களே, உங்கள் வீட்டு அம்மாளைப் பன்னிரண்டு ஆண்டு காக்க வைக்காதீர்கள். அடுத்த மாதக் காலண்டரை எடுத்து, காதுகுத்தும் கெடா விருந்தும் இல்லாத ஒரு சனி ஞாயிறைத் தேடி வட்டமிடுங்கள். அப்படியே அதன் மேலிருக்கும் படத்தையும் ஒரு முறை பாருங்கள்.