பன்னிரண்டு மில்லிமீற்றர் மூக்கு

பொம்மர் என்றால் எங்களுக்குச் சத்தம்தான். கண்ணில் படுவதற்கு முன்னரே எந்த வகை வருகிறது என்று காதால் அறிந்து, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் இறங்கிய பெண்கள் இதை வாசிப்பவர்களில் அநேகர் இருப்பீர்கள். சியாமாசெட்டிக்கு ஒரு சத்தம், சகடைக்கு ஒரு சத்தம், 1996 இற்குப் பின்னர் கிபிருக்கு வேறொரு சத்தம். அண்ணாந்து பார்த்தாலும் வயிற்றுப் பக்கத்தை மட்டுமே கண்டோம். அதன் முதுகு எப்படி இருக்கும், உள்ளே இருப்பவர் எங்கே இருப்பார் என்று யோசிக்க எமக்கு நேரம் இருக்கவில்லை.

அறுபது வயதை அண்டும்போது அதை நான் அறிந்துகொண்டது ஒரு பிளாஸ்ரிக் பொம்மரால். லண்டனில் இருக்கும் என் தம்பி, பேரனுக்கென்று அனுப்பிய பெட்டி அது. பேரனுக்கு 14 வயது. யுத்தம் முடிந்த பின் பிறந்தவன். துண்டு துண்டாக ஒட்டிச் செய்ய வேண்டிய பிரிஸ்ரல் பிளென்ஹைம் விமானம், நான்காம் வகை. உண்மையானதின் 72 இல் ஒரு பங்கு அளவு. இறக்கையின் நுனிக்கு நுனி 24 சென்ரிமீற்றர்தான்.

பெட்டியைக் கண்டதும் மகளின் முகம் மாறிவிட்டது. 1992 இல், அவளுக்கு நான்கு வயதாக இருக்கும்போது, வானத்திலிருந்து விழுந்த குண்டொன்றில் அவளுடைய அப்பாவை இழந்தோம். "அம்மா, இது வீட்டுக்குள்ள வேண்டாம்" என்றாள். அவள் சொன்னதில் பிழை இல்லை. பேரனின் ஆசையிலும் பிழை இல்லை. பெட்டி மூன்று கிழமை அலுமாரிக்கு மேலே கிடந்தது.

பேரன் சும்மா இருக்கவில்லை. இந்த விமானத்தின் கதையைத் தேடிப் படித்துக்கொண்டு வந்தான். 1942 ஏப்ரல் 9 ஆந் திகதி ஜப்பான் விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. ஹேர்மிஸ் என்ற பிரித்தானியக் கப்பலும் அன்றுதான் மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. அதே நாள் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து போன ஒன்பது பிளென்ஹைம்கள் ஜப்பானியரின் விமானந்தாங்கிக் கப்பல்களைக் கண்டு குண்டு போட்டன. ஒரு குண்டும் படவில்லை. ஐந்து விமானங்கள் திரும்பவில்லை. ஒன்றில் மூன்று பேர். "பதினைஞ்சு பேர், அம்மா" என்று அவன் கணக்குச் சொன்னபோது மகள் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "விறாந்தையில வைச்சுச் செய்" என்றாள்.

பெட்டியைத் திறந்தால், வந்த வழியில் மூக்குக் கண்ணாடி நசிந்து உடைந்திருந்தது. மாற்றுத் துண்டுக்கு எங்கே போவது? இதற்கு முந்திய முதலாம் வகைக்கு மூக்குக் கட்டை, அப்படி மாற்றுவோம் அம்மம்மா என்றான் பேரன். முதலாம் வகை 1936 இல் முதன்முதலில் பறந்தது. அதன் முன்பக்கம் நெருக்கம். வழி பார்ப்பவர் படத்தை விரித்து வைக்க இடம் போதாது. அதற்காகத்தான் பின்னர் மூக்கை நீட்டினார்கள். நீட்டியதும் விமானிக்கு முன்பக்கம் மறைத்தது, ஆகவே மூக்கின் இடப்பக்கத்தைப் பள்ளமாக்கினார்கள். ஒன்றைத் திருத்த இன்னொன்று கெட்டு, அதையும் திருத்துவது தையற்காரிக்குப் புதிய விடயம் அல்ல.

இரண்டு வகைக்கும் நீளத்தில் உள்ள வித்தியாசம் 86 சென்ரிமீற்றர். எங்கள் அளவில் 12 மில்லிமீற்றர். சேட்டுக் கையைச் சுருக்குவதுபோல நுனியில் வெட்டினால் சரிவராது. நீண்ட மூக்கில் விமானிக்கு முன்னே ஒரு கண்ணாடி, மூக்குக்கு வேறொரு கண்ணாடி. பழையதில் இரண்டும் ஒன்றாகி, படியில்லாமல் உருண்டு இறங்கும். அதனால் விமானி இருக்கும் இடம் வரை எடுக்க வேண்டும். கோட்டை நான் போட்டேன், அவன் அறுத்தான். முள்முருங்கைத் தடியில் புது மூக்கைச் செதுக்கி, சான்ட் பேப்பரால் தேய்த்தோம். சேட் பெட்டியின் கண்ணாடி மூடியில் ஒரு துண்டை மட்டைச் சட்டத்தில் குத்தி, நெருப்புக்கு மேலே பிடித்து, அது இளகித் தொய்யும் நேரம் பார்த்து மர மூக்கின் மேல் அழுத்தினோம். கிட்டப் பிடித்தால் புகைந்து பொங்கும், எட்டப் பிடித்தால் இளகாது. நாலாவது துண்டுதான் உருவாக வந்தது. கண்ணாடியின் சட்டங்களுக்கு, வர்ணம் பூசிய ஒட்டுத்தாளை நூலளவில் வெட்டி ஒட்டினேன். முதுகுக் கூண்டில் இருந்த இரண்டு துப்பாக்கிகளில் ஒன்றை எடுத்துவிட்டோம், முதலாம் வகைக்கு ஒன்றுதான்.

வயிற்றுப் பக்கம் வந்தபோது எனக்குக் கை கொஞ்சம் நடுங்கியது. குண்டு வைக்கும் அறையின் கதவுகள் தனித் துண்டுகள். உண்மையான பிளென்ஹைமில் இந்தக் கதவுகளை இழுத்து மூடி வைத்திருந்தது இறப்பர் இழைக் கயிறு, நாங்கள் பாவாடைக்குப் போடும் இலாஸ்ரிக் மாதிரி. குண்டு தன் பாரத்தால் அதைத் தள்ளித் திறந்துகொண்டு விழும், கதவு தானாகவே மூடும். இதைப் பேரன் வாசித்துச் சொன்னபோது, மகள் கோப்பையைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "அதைத் திறந்து வைக்காதை, ஒட்டிப் போடு" என்றாள். அவன் பசை பூசினான். காயும் மட்டும் அவளே இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தாள்.

நிறத்துக்கு 1938 ஆம் ஆண்டைத் தெரிந்தெடுத்தான் பேரன். அந்த யுத்தம் அப்போது தொடங்கவில்லை. மேலே பச்சையும் மண்நிறமும், கீழே முழுக்கக் கறுப்பு, இறக்கையின் அடியில் வெள்ளை இலக்கங்கள். "இது இன்னும் ஒருத்தருக்கும் குண்டு போடேல்லை" என்று தாய்க்குச் சொன்னான். யுத்தம் வந்தபோது முதலாம் வகையும் குண்டு போட்டது என்பதை நான் மகளுக்கு மறைக்கவில்லை. அவளும் தெரியும் என்று தலையாட்டினாள்.

இப்போது அது தையல் மெசின் மூடிக்கு மேலே தன் சில்லுகளில் நிற்கிறது. நூல் கட்டிக் கூரையில் தொங்கவிடுவோமா என்று பேரன் கேட்டான். அதற்கு மட்டும் மகளும் நானும் ஒரே குரலில் மாட்டோம் என்றோம்.